முள் சொல்வது பொய்யா, மெய்யா?

(சின்ன விமானத்தில் பெட்ரோல் பம்பும் ஆயில் பிரஷர் சென்சாரும் பழுதானால் கண்டுபிடிப்பது எப்படி?)



ரோட்டில் போகும்போது பைக் நின்னு போனா என்ன செய்வோம்? ஓரமா நிறுத்துவோம். வண்டியை ஆட்டி, பெட்ரோல் இருக்கான்னு பார்ப்போம். ஒண்ணும் புரியலைன்னா மெக்கானிக் கடை வரைக்கும் தள்ளிக்கிட்டுப் போவோம். அவ்வளவுதான்.

அதே பிரச்சினை தரையிலிருந்து 3,000 அடி உயரத்தில் வந்தால்? அங்கே ஓரம் கிடையாது. தள்ளவும் முடியாது!

இரண்டு பேர் அல்லது நாலு பேர் உட்காரும் ஒற்றை எஞ்சின் விமானங்களைத்தான் இங்கே சின்ன விமானம் என்று சொல்கிறேன். உதாரணம் செஸ்னா 172. முதன்முதலில் 1955-ல் பறந்த இந்த விமானம் இதுவரை 44,000-க்கும் மேல் தயாராகி இருக்கிறது. இன்னொன்று பைப்பர் செரோக்கி. உலகம் முழுக்கப் பைலட் ஆகப் படிக்கிறவர்களில் ஏராளமானோர் இந்த இரண்டில் ஒன்றில்தான் பழகுகிறார்கள்.

ஒரே எஞ்சின் நின்றுவிட்டால் விமானம் கல் மாதிரி விழுந்துடும்னு நினைக்காதீங்க. அது சறுக்கிக்கொண்டே இறங்கும். 3,000 அடியில் எஞ்சின் நின்றால், காற்று அதிகம் இல்லாத நாளில், செஸ்னா 172 சுமார் 8 கிலோமீட்டர் போகும். அதற்குள் இறங்க இடம் பார்க்க வேண்டும். ஆகவே எஞ்சின் நிற்பதற்கு முன்னாடியே "ஏதோ சரியில்லை" என்று தெரிந்துகொள்வது உயிர் காக்கும் விஷயம். அதைச் சொல்வது பைலட்டுக்கு எதிரே பலகையில் இருக்கும் சின்னச் சின்ன முட்கள்தான்.

ஆனால் முள்ளும் ஒரு கருவிதானே! அதுவும் பழுதாகும். முள் பூஜ்யத்துக்குப் போனால், கெட்டது எஞ்சினா, முள்ளா? இந்தக் கட்டுரையின் கேள்வியே இதுதான்.

1. மேல்நிலைத் தொட்டியும் கிணற்று மோட்டாரும்

செஸ்னா 172-க்கு இறக்கை மேலே இருக்கிறது. பெட்ரோல் டேங்க் இறக்கைக்குள் இருக்கிறது. எஞ்சின் அதற்குக் கீழே. நம்ம ஊர் மேல்நிலைத் தண்ணீர்த் தொட்டி மாதிரி, பெட்ரோல் தானாகவே இறங்கி வரும். அதனால் கார்புரேட்டர் உள்ள பழைய செஸ்னா 172-களில் பெட்ரோல் பம்பே கிடையாது! புவியீர்ப்பு விசையே பம்பு.

செரோக்கிக்கு இறக்கை கீழே. டேங்க் எஞ்சினைவிடத் தாழ்வாக இருக்கிறது. இது கிணற்றுத் தண்ணி கதை. மோட்டார் வைத்து மேலே இழுத்தால்தான் வரும். அதனால் இதில் இரண்டு பம்பு:

எஞ்சின் பம்பு: எஞ்சின் சுற்றும்போது அதுவே இயக்கும் பம்பு. உள்ளே ஒரு ரப்பர் சவ்வு, இரண்டு ஒருவழி வால்வு. சவ்வு பின்னால் போனால் பெட்ரோலை உறிஞ்சும், முன்னால் வந்தால் தள்ளும். நம் இதயம் வேலை செய்யும் முறைதான்.

மின்சாரப் பம்பு: சுவிட்ச் போட்டால் "டிக் டிக் டிக்" என்று சத்தம் போடும். இது துணைக்கு. எஞ்சின் ஸ்டார்ட் செய்யும்போது, தரையைவிட்டு எழும்பும்போது, தரை இறங்கும்போது இதைப் போட்டு வைப்பார்கள். ஏன்? தரைக்குப் பக்கத்தில் எஞ்சின் பம்பு கெட்டால் யோசிக்கவே நேரம் இருக்காது.

பெட்ரோல் அழுத்தம் எவ்வளவு தெரியுமா? செரோக்கியில் அரை பி.எஸ்.ஐ. முதல் 8 பி.எஸ்.ஐ. வரை பச்சைக் கோடு. பைக் டயரில் நாம் அடிக்கும் காற்றே 30 பி.எஸ்.ஐ. பக்கம். அதோடு ஒப்பிட்டால் இது ரொம்பக் கம்மிதான். ஆனால் அந்தக் கொஞ்சம் இல்லையென்றால் எஞ்சின் இல்லை.

2. பம்பு மக்கர் பண்ணினால் யார் மேல் சந்தேகம்?

பெட்ரோல் முள் இறங்கியதும் "பம்பு போச்சு, மாத்து" என்று சொல்வது தப்பு. விலை குறைந்த, எளிதான காரணங்களை முதலில் பார்க்க வேண்டும்.

(அ) டேங்கில் பெட்ரோல் இருக்கிறதா? சிரிக்காதீங்க. செரோக்கியில் இடது டேங்க், வலது டேங்க் என்று பைலட்தான் குமிழைத் திருப்பி மாற்ற வேண்டும். ஒரு பக்கம் நிறைய இருக்கும்போதே, மறு பக்கம் தீர்ந்து எஞ்சின் நின்ற சம்பவங்கள் உண்டு.

(ஆ) காற்றுத் துவாரம் அடைத்திருக்கிறதா? எண்ணெய் டின்னில் ஒரே ஒரு ஓட்டை போட்டுக் கவிழ்த்தால் எண்ணெய் சரியா வராது. எதிர்ப்பக்கம் இன்னொரு ஓட்டை போட்டால்தான் கொட்டும். விமான டேங்குக்கும் அப்படி ஒரு துவாரம் உண்டு. அதில் குளவி மண் கூடு கட்டிவிட்டால் போதும், பம்பு எவ்வளவு இழுத்தாலும் பெட்ரோல் வராது. ஒரு குளவி ஒரு விமானத்தை இறக்கிவிடும்!

(இ) வடிகட்டியில் குப்பையோ தண்ணீரோ சேர்ந்திருக்கிறதா? அதனால்தான் ஒவ்வொரு நாளும் பறப்பதற்கு முன் பைலட் டேங்கின் அடியிலிருந்து கொஞ்சம் பெட்ரோலைக் கண்ணாடிக் குப்பியில் பிடித்துப் பார்க்கிறார். தண்ணீர் இருந்தால் அடியில் தனியாக நிற்கும்.

(ஈ) இழுக்கும் குழாயில் காற்றுக் கசிவா? பம்பு செட் வைத்திருக்கும் விவசாயி வீட்டுப் பிள்ளைகளுக்கு இது நல்லாத் தெரியும். உறிஞ்சு குழாயில் சின்ன விரிசல் இருந்தால் தண்ணி வெளியே சொட்டாது, காற்றுதான் உள்ளே போகும். மோட்டார் ஓடும், தண்ணி வராது. இங்கேயும் அதே. வெளியே ஈரமே இருக்காது. கண்டுபிடிப்பது கஷ்டம்.

(உ) வெயில் கொடுமையா? எஞ்சின் சூட்டில் குழாய்க்குள் பெட்ரோல் கொதித்து ஆவிக் குமிழ் ஆகிவிடும். பம்பு திரவத்தைத் தள்ளும், குமிழைத் தள்ளத் திணறும். முள் நடுங்கும். மின்சாரப் பம்பைப் போட்டால் பெரும்பாலும் சரியாகும்.

(ஊ) இத்தனைக்கும் பிறகுதான் பம்பு. சவ்வு கிழிந்திருந்தால் பம்பின் வடிகுழாய் வழியாகப் பெட்ரோல் சொட்டும். விமானப் பெட்ரோலில் பொதுவாகப் பயன்படும் 100 எல்.எல். வகைக்கு நீலச் சாயம் போட்டிருக்கிறார்கள். அதனால் எஞ்சின் மூடிக்கு அடியில் நீலக் கறை தெரிந்தால் அது ஒரு தடயம். மின்சாரப் பம்பு "டிக் டிக்" சொல்லவில்லை என்றால் பியூஸ், ஒயர், எர்த் இணைப்பு ஆகியவற்றைப் பார்த்த பிறகே பம்பைக் கழற்ற வேண்டும்.

ஒரு முக்கியமான தந்திரம்: மின்சாரப் பம்பு ஓடும்போது முள் பச்சையில், நிறுத்தியதும் முள் விழுகிறது என்றால் குற்றவாளி எஞ்சின் பம்பு. மின்சாரப் பம்பு அதன் குறையை இவ்வளவு நேரம் மறைத்துக்கொண்டு இருந்திருக்கிறது! அதனால்தான் நல்ல உயரம் போன பிறகு, மின்சாரப் பம்பை நிறுத்தும்போது, பைலட் முள்ளையே பார்த்துக்கொண்டு நிறுத்துகிறார்.

இன்னொன்று. இரண்டு பம்பையும் போட்டும் முள் ஏறவில்லை என்றால்? இரண்டு பம்பும் ஒரே நிமிஷத்தில் கெடுவது அபூர்வம். இரண்டுக்கும் பொதுவாக இருப்பது எது என்று கேளுங்கள். டேங்க், காற்றுத் துவாரம், வடிகட்டி! இந்தப் "பொதுவான இடம்" என்ற வார்த்தையை ஞாபகம் வச்சுக்கோங்க. பின்னால் ஒரு கதையில் வரும்.

3. ஆயில் என்பது எஞ்சினின் ரத்தம்

எஞ்சினுக்குள் இரும்பும் இரும்பும் நேரடியாக உரசக் கூடாது. நடுவில் மெல்லிய ஆயில் படலம் வேண்டும். அந்த ஆயிலை இரண்டு பல்சக்கரம் கொண்ட பம்பு, அடித்தொட்டியிலிருந்து எடுத்து அழுத்தத்தோடு அனுப்புகிறது. அழுத்தம் எல்லை மீறாமல் இருக்க ஸ்பிரிங்கும் குண்டும் உள்ள ஒரு ரிலீஃப் வால்வு. அம்மாவின் குக்கர் வெயிட் செய்யும் வேலைதான்.

செஸ்னா, பைப்பர் இரண்டிலும் நிறையப் பயன்படும் லைகமிங் எஞ்சினில், ஓடும்போது ஆயில் அழுத்தம் ஏறக்குறைய 55 முதல் 95 பி.எஸ்.ஐ. வரை இருக்கும். மெதுவாகச் சும்மா சுற்றும்போது 25 வரை இறங்கலாம். மாடலுக்கு மாடல் கொஞ்சம் மாறும். ஆஸ்திரியா நாட்டு ரோட்டாக்ஸ் 912 எஞ்சினுக்கு 2 முதல் 5 பார், அதாவது 29 முதல் 73 பி.எஸ்.ஐ. நம்ம என்.சி.சி., விமானப்படை, கடற்படை மூன்றுக்குமாக 194 வைரஸ் எஸ்.டபிள்யூ. 80 விமானங்கள் வாங்க 2015-ல் ஒப்பந்தம் போட்டார்களே, அதில் இருப்பது இந்த ரோட்டாக்ஸ் குடும்ப எஞ்சின்தான்.

ஸ்டார்ட் செய்து 30 வினாடிக்குள் ஆயில் முள் எழும்பவில்லை என்றால் உடனே எஞ்சினை நிறுத்திவிட வேண்டும். (கடும் குளிர் நாடுகளில் இன்னும் கொஞ்சம் நேரம் தருவார்கள்.) இதில் "கொஞ்சம் பார்ப்போமே" என்பதே கிடையாது.

4. முள்ளுக்குச் சேதி போவது எப்படி?

இரண்டு வழி இருக்கிறது.

பழைய வழி: எஞ்சினிலிருந்து மெல்லிய குழாய் வழியாக ஆயிலே முள் இருக்கும் பெட்டி வரைக்கும் வரும். அங்கே வளைந்த ஒரு தட்டைக் குழல். அழுத்தம் ஏறினால் அது நிமிரப் பார்க்கும். திருவிழாவில் ஊதினால் சுருள் பிரிந்து நீளும் பீப்பி வாங்குவோமே, அதே தத்துவம்! இதற்கு 1849-ல் காப்புரிமை வாங்கியவர் பிரான்ஸ் நாட்டு யூஜின் பூர்தோன். இந்தக் குழாய் தொடங்கும் இடத்தில் துவாரத்தை வேண்டுமென்றே ரொம்பச் சின்னதாக வைத்திருப்பார்கள். குழாய் உடைந்தாலும் ஆயில் குபுகுபு என்று கொட்டாமல் மெல்லத்தான் கசியும்.

புது வழி: சென்சார். ஆயில் அழுத்தம் ஒரு தகட்டைத் தள்ள, அது ஒரு மின்தடையைக் கூட்டிக் குறைக்கும். அதற்கு ஏற்ப முள் நகரும். பழைய ரேடியோவில் சத்தம் கூட்டும் திருகு தேய்ந்தால் "கர்ர் கர்ர்" என்று வருமே, அதே நோய் இந்தச் சென்சாருக்கும் வரும். எஞ்சின் அதிர்வில் உள்ளே தேய்ந்து முள் துள்ள ஆரம்பிக்கும். அதனாலேயே பல விமானங்களில் சென்சாரை எஞ்சின் மேலேயே மாட்டாமல், ஒரு ரப்பர் குழாய் கொடுத்துத் தள்ளிப் பின் சுவரில் மாட்டுகிறார்கள்.

ஒற்றை ஒயர் சென்சாரில் இன்னொரு வேடிக்கை. மின்சுற்று முழுமையாக இரண்டு பாதை வேண்டும் என்று இயற்பியலில் படிக்கிறோம். ஒரு பாதை ஒயர். மற்றொன்று சென்சாரின் திருகு மரை வழியாக எஞ்சின் உலோகம். கசியக் கூடாது என்று மரையில் வெள்ளை டெஃப்லான் டேப்பைச் சுத்தி இறுக்கினால் அந்தப் பாதை கெட்டுப்போகும். ஆயில் நல்லா இருக்கும், பம்பு நல்லா இருக்கும், முள் மட்டும் தப்புச் சொல்லும்!

5. ஒன்று கத்தும், ஒன்று கத்தாது

இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு பத்திதான் படிப்பேன் என்றால் இதைப் படியுங்கள்.

பெட்ரோல் குறைந்தால் எஞ்சின் உடனே கத்தும். இருமும், திக்கும், சக்தி குறையும். ஆகவே பெட்ரோல் முள் பூஜ்யம், எஞ்சின் நிம்மதியாக ஓடுகிறது என்றால் முள் மேல் சந்தேகப்படலாம்.

ஆயில் குறைந்தால் எஞ்சின் கத்தாது. மிச்சம் இருக்கும் படலத்தை வைத்துக்கொண்டு அழகாக ஓடிக்கொண்டே இருக்கும். திடீரென்று இறுகி நின்றுவிடும். ஆகவே "எஞ்சின் நல்லாத்தானே ஓடுது, முள்தான் பொய்" என்ற வாதம் பெட்ரோலுக்குக் கொஞ்சம் செல்லும். ஆயிலுக்குச் செல்லவே செல்லாது!

அப்போ ஆயிலுக்கு யார் சாட்சி? பக்கத்திலேயே இருக்கும் ஆயில் வெப்பநிலை முள். அழுத்தம் விழுகிறது, வெப்பம் ஏறுகிறது என்றால் இரண்டு சாட்சியும் ஒன்றாகச் சொல்கின்றன. எஞ்சின் நிற்கப் போகிறது என்று அர்த்தம். உடனே சக்தியைக் குறைத்து, இறங்க ஒரு மைதானம் தேட வேண்டும். அழுத்தம் மட்டும் விழுந்து வெப்பம் சாதாரணமாக இருந்தால் முள்ளோ ரிலீஃப் வால்வோ காரணமாக இருக்கலாம். அப்போதும் பக்கத்தில் உள்ள விமான நிலையத்தில் இறங்கிப் பார்ப்பதே முறை. ஏன் என்றால் ஆயில் முழுக்கத் தீர்ந்துவிட்டால் வெப்பம் அளக்கவும் அங்கே ஆயில் இருக்காது. அப்போது இரண்டாவது சாட்சியும் ஊமையாகிவிடும்.

6. மூன்று முட்களும் சொன்ன உண்மை

இது சின்ன விமானக் கதை இல்லை, மூன்று எஞ்சின் உள்ள பெரிய விமானக் கதை. ஆனால் பாடம் ஒன்றே.

1983 மே 5. அமெரிக்காவில் ஈஸ்டர்ன் ஏர்லைன்ஸ் 855 என்ற விமானம் மயாமியிலிருந்து பஹாமாஸ் தீவுகளில் உள்ள நசாவுக்குக் கிளம்பியது. உள்ளே 172 பேர். இறங்கப் போகும் நேரத்தில் நடு எஞ்சினில் ஆயில் அழுத்தம் குறைந்தது. அதை நிறுத்திவிட்டு மயாமிக்கே திரும்பினார்கள். வழியில் மற்ற இரண்டு எஞ்சினுக்கும் அதே எச்சரிக்கை! மூன்று ஆயில் அளவுகளும் பூஜ்யம்!

விமானிகள் என்ன நினைத்தார்கள்? "மூணு எஞ்சினிலும் ஒரே நேரத்தில் ஆயில் போகுமா? நடக்காத காரியம். கருவிதான் பழுது." கணக்குப்படி நியாயமாகத்தான் தெரிகிறது. ஆனால் ஓடிக்கொண்டிருந்த இரண்டு எஞ்சினும் ஒன்றன்பின் ஒன்றாக நின்றன. கீழே கடல். விமானம் சத்தமில்லாமல் சறுக்கி இறங்கியது. பயணிகள் உயிர்காப்பு உடை மாட்டிக்கொண்டார்கள். ஏறக்குறைய 4,000 அடியில், முதலில் நிறுத்தி வைத்த நடு எஞ்சின் மறுபடி உயிர் பெற்றது. அந்த ஒற்றை எஞ்சினோடு மயாமியில் இறங்கினார்கள். ஒருவருக்கும் காயம் இல்லை.

காரணம் என்ன? ஆயிலில் இரும்புத் துகள் இருக்கிறதா என்று பிடித்துப் பார்க்க ஒவ்வொரு எஞ்சினிலும் ஒரு காந்த அடைப்பான் உண்டு. முந்தின இரவு பராமரிப்பில் மூன்றையும் மாற்றினார்கள். மூன்றிலும் ரப்பர் வளையம் போடவில்லை! அந்த இடைவெளி வழியாகத்தான் ஆயில் போனது. மூன்று எஞ்சினும் தனித்தனியாகக் கெடவில்லை. மூன்றுக்கும் பொதுவான ஒரே காரணம் அந்த ஒரு ராத்திரி வேலை. "பொதுவான இடம் எது" என்று கேட்கச் சொன்னேனே, ஞாபகம் வருதா?

இரண்டு எஞ்சின் விமானங்கள் கடல் தாண்டி நெடுந்தூரம் போவதற்கான விதிகளில், இரண்டு எஞ்சினிலும் ஒரே மாதிரி வேலையை ஒரே ஆள் ஒரே தடவையில் செய்வதைத் தவிர்க்க வேண்டும் என்று இருக்கிறது. கை ஒன்றானால் தப்பும் ஒன்றாகும்.

★ துணுக்கு: முள்ளை நம்பிய மூவர் ★

1935 மே 15. ஆஸ்திரேலியாவிலிருந்து நியூசிலாந்துக்குத் தபால் கொண்டுபோன சதர்ன் கிராஸ் விமானத்தில் வலது எஞ்சின் நின்றுவிட்டது. சிறிது நேரத்தில் இடது எஞ்சினின் ஆயில் அழுத்தமும் விழத் தொடங்கியது. விமானி கிங்ஸ்ஃபோர்டு ஸ்மித்துடன் இருந்த பி.ஜி.டெய்லர், பறக்கும் விமானத்துக்கு வெளியே தாங்கு கம்பி மேல் ஊர்ந்து போனார். நின்றுபோன எஞ்சினின் ஆயிலை பிளாஸ்கில் பிடித்து வந்து, மறுபுறம் போய் ஓடும் எஞ்சினில் ஊற்றினார். ஒரு தடவை இல்லை, ஆறு தடவை! மூவரும் சிட்னிக்கு உயிரோடு திரும்பினார்கள். முள் சொன்னதை அவர்கள் நம்பியதால் ஆயில் ஊற்ற நேரம் கிடைத்தது.

7. தரையில் விசாரணை

விமானம் பத்திரமாக இறங்கிய பிறகு என்ஜினியர் எப்படி விசாரிப்பார்?

முதல் படி: அளவுக் குச்சியை எடுத்து ஆயில் எவ்வளவு என்று பார்ப்பார். செலவு பூஜ்யம்.

இரண்டாம் படி: எஞ்சின் நின்றிருக்கும்போது மெயின் சுவிட்சை மட்டும் போடுவார். அழுத்தமே இல்லாதபோது முள் 40, 50 காட்டினால் முள்ளோ சென்சாரோ பொய் சொல்கிறது.

மூன்றாம் படி: ஒற்றை ஒயர் சென்சார் என்றால், கையேடு அனுமதித்தால், ஒயரைக் கழற்றிப் பார்ப்பார். முள் ஒரு கோடிக்கு ஓடும். அதே ஒயரை எஞ்சின் உலோகத்தில் தொட்டால் மறு கோடிக்கு ஓடும். இரண்டும் நடந்தால் முள்ளும் ஒயரும் நல்லவை. சந்தேகம் சென்சார் மேல்.

நான்காம் படி: இதுதான் தீர்ப்பு. சென்சார் இருந்த இடத்தில், மின்சாரமே தேவைப்படாத பூர்தோன் வகைச் சோதனைக் கருவியை நேரடியாக மாட்டி எஞ்சினை ஓட்டுவார். சோதனைக் கருவி 70, பலகையில் 20 என்றால் சென்சாரை மாற்றினால் போதும். இரண்டும் 20 என்றால் முள் சொன்னது மெய்!

அப்படியானால் ரிலீஃப் வால்வில் தூசி சிக்கியிருக்கிறதா, உறிஞ்சும் சல்லடை அடைத்திருக்கிறதா என்று பார்த்து, கடைசியாக ஆயில் பில்டரை வெட்டிப் பிரிப்பார். உள்ளே மினுமினு என்று உலோகத் துகள் இருந்தால் எஞ்சினின் உட்பகுதி தேய்கிறது. எஞ்சினையே பிரிக்க வேண்டும்.

சென்சாரை மட்டும் மாற்ற வேண்டிய இடத்தில் எஞ்சினைப் பிரித்தால் பணம் போகும். எஞ்சினைப் பிரிக்க வேண்டிய இடத்தில் சென்சாரை மட்டும் மாற்றினால் உயிர் போகும். இரண்டுக்கும் நடுவில் நிற்பது இந்த நான்கு படிகள்தான்.

8. மூளைக்கு வேலை

கேள்வி 1: எஞ்சின் ஓடவில்லை. ஆனால் ஆயில் முள் 60-ல் நிற்கிறது. கெட்டது எது?
கேள்வி 2: மின்சாரப் பம்பு போட்டாலும் பெட்ரோல் முள் ஏறவில்லை, எஞ்சின் இருமுகிறது. இன்னொரு டேங்குக்கு மாற்றியதும் சரியாகிவிட்டது. பம்பை மாற்றலாமா?
கேள்வி 3: வானத்தில் ஆயில் முள் திடீரென்று பூஜ்யம். வெப்பநிலை சாதாரணம். எஞ்சின் அருமையாக ஓடுகிறது. என்ன செய்வீர்கள்?

முடிவாக...

"கண்ணால் காண்பதும் பொய், காதால் கேட்பதும் பொய், தீர விசாரிப்பதே மெய்" என்று பெரியவர்கள் சொல்வார்கள். முள்ளைக் கண்ணால் காண்கிறோம், எஞ்சினைக் காதால் கேட்கிறோம். இரண்டையும் அப்படியே நம்பக் கூடாது. ஆனால் தீர விசாரிக்க வேண்டிய இடம் தரை. வானத்தில் முள் சொல்வது மெய் என்று வைத்துக்கொண்டு இறங்குவதே புத்திசாலித்தனம். பொய் என்று பிறகு தெரிந்தால் நஷ்டம் ஒரு மணி நேரம்தான்.

இதைப் படிச்சுட்டு யாரும் ஸ்பேனரைத் தூக்கிக்கிட்டுக் கிளம்பிடாதீங்க! விமானத்தைத் தொட்டு வேலை பார்க்கவும், பார்த்ததற்குக் கையெழுத்துப் போடவும் முறையான படிப்பும் லைசென்சும் வேண்டும். பிளஸ் டூவில் இயற்பியல், வேதியியல், கணிதம் எடுத்தவர்கள் விமானப் பராமரிப்புப் பொறியாளர் படிப்பில் சேரலாம். ஆர்வம் உள்ளவர்கள் இயற்பியல் ஆசிரியரிடம் கேளுங்கள்.

விடைகள் (முதலில் யோசிச்சிட்டுப் பாருங்க!)
1. சென்சார், ஒயர் அல்லது முள். எஞ்சின் நிரபராதி.
2. வேண்டாம். பம்புகள் அதே பம்புகள்தான், மாறியது டேங்க் மட்டுமே. முதல் டேங்கில் பெட்ரோல் இருக்கிறதா, காற்றுத் துவாரம் அடைத்திருக்கிறதா என்று பாருங்கள்.
3. பக்கத்தில் உள்ள விமான நிலையத்தில் இறங்குங்கள். விசாரணை அங்கே!

— 11-ஆம் வகுப்பு, 'ஆ' பிரிவு